வர்க்கலா குன்றின் விளிம்பில் நிற்பவர்களுக்கு

கேரளக் கடற்கரையில் இருக்கும் வர்க்கலாவுக்குப் போகிறவர்கள் குன்றின் விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்காமல் திரும்புவதில்லை. காலை ஊன்றினால் அசைவே இல்லை, பாறைதானே என்ற தைரியம். கீழே பாபநாசம் கடற்கரை மணலில் இறங்கி ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு அந்தத் தைரியத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே செம்புரைக்கல், அதாவது லேட்டரைட். அதன் அடியில் மஞ்சளும் வெளுப்புமாக மணற்கல், நகத்தால் சுரண்டினாலே உதிரும். இடையிடையே களிமண், சில இடங்களில் கறுப்பாக லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) பட்டை. இந்த அடுக்குகளுக்காகவே இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை குன்றைப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்தது.

செம்புரைக்கல் வெட்டும்போது இளகலாக இருக்கும், காற்றும் வெயிலும் பட்டால் இறுகிவிடும். அதனால் நம் கால் படும் இடம்தான் குன்றிலேயே கெட்டியான இடம். ஆனால் அதில் நுண்துளைகள் ஏராளம். மழைநீர் அதன் வழியாக இறங்கி, மணற்கல்லையும் கடந்து, களிமண்ணில் தடைபட்டுப் பக்கவாட்டில் ஊற்றாக வெளியேறுகிறது. ஊற்றில் ஆனந்தமாகக் குளிக்கிறோம். அது உள்ளிருக்கும் மணலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவருகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அலையும் அடிவாரத்தை அரிக்கும். கடைசியில் மேல்கல் அந்தரத்தில் துருத்தி நிற்கும். கெட்டியான கல் வளைந்து கொடுக்காது. பாளமாகப் பிளந்து விழும்.

இடிந்ததும் எல்லோரும் அடிவாரத்தில் சுவர் கேட்கிறார்கள். சுவர் அலையைத் தடுக்கும். மேலிருந்து இறங்கும் நீரை என்ன செய்யும்? நீர் வெளியேற வடிதுளை விடாமல் கட்டினால் நீர் பின்னால் தேங்கி, நிலைமை இன்னும் மோசமாகும். விளிம்பை ஒட்டிய விடுதிகளின் செப்டிக் குழியும், ஒழுகும் தொட்டியும், தோட்டத்துக்குப் பாய்ச்சும் நீரும் வெயில் காலத்திலும் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கின்றன. முதலில் கை வைக்க வேண்டியது அங்கேதான் என்பது என் கருத்து.

இப்படிப்பட்ட நிலத்தில் கட்டடம் கட்டுமுன் மண் பரிசோதனைக்குத் துளை போடும்போது அடிக்கடி ஒரு வாக்குவாதம் வரும். மண்ணின் கெட்டித்தன்மையை அறியக் குழாயின் மேல் 63.5 கிலோ சுத்தி 75 செ.மீ. உயரத்திலிருந்து விழுகிறது, 50 முறை அடித்தும் குழாய் இறங்கவில்லை. "பாறை வந்தாச்சே சார், இன்னும் எதுக்குத் துளை?" என்பார் உரிமையாளர். மீட்டருக்கு மீட்டர் காசு, அவர் கவலை நியாயம்தான். ஆனாலும் கெட்டி அடுக்கைத் துளைத்துக் கடந்து, அடியில் இருப்பதைப் பார்க்காமல் எழுதும் அறிக்கையை நம்பி மாடி ஏற்றாதீர்கள். அடுக்கின் தடிமன் எவ்வளவு, கீழே என்ன, நீர்மட்டம் எங்கே என்று கேளுங்கள்.

நயாகரா அருவியிலும் இதே அமைப்புதான்: மேலே டோலமைட் என்ற கெட்டியான பாறை, கீழே மென்மையான களிப்பாறை. 1956 ஜூன் 7 அன்று, அமெரிக்கக் கரையில் பள்ளத்தாக்குச் சுவரை ஒட்டியிருந்த ஷோல்கோப் மின்நிலையத்தின் பின்சுவரில் நீர் கசிந்தது. ஊழியர்கள் அடைக்கப் போராடினார்கள். அன்று மாலையே பாறை சரிந்து, நிலையத்தின் பெரும்பகுதி ஆற்றில் விழுந்தது.

மேலே நடக்கிறவர்கள் விளிம்புக்கு இணையாக ஓடும் வெடிப்பைக் கண்டால் அதன் கடல்பக்கம் போகவே வேண்டாம். கீழே இருப்பவர்கள் துருத்திய பாறையின் நிழலில் துண்டு விரிக்க வேண்டாம். தெளிவாக வந்த ஊற்று திடீரெனக் கலங்கினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடனே குன்றைவிட்டுத் தள்ளி வந்துவிட்டு, உயிர்காப்புக் காவலரிடம் சொல்லுங்கள்.