உப்புத் 'தீர்வு' அல்ல, கரைசல்

உப்பு கரைந்த தண்ணீரை "உப்புத் தீர்வு" என்று எழுதியிருப்பதை இன்னொரு தடவை படித்தாயிற்று. எங்கள் மதுரைப் பக்கம் உப்பு தீர்ந்தது என்றால் டப்பா காலி, கடைக்கு ஆள் அனுப்பணும் என்றுதான் அர்த்தம். மருந்துப் பெட்டி, லென்ஸ் கழுவும் புட்டி, பிள்ளைகளுக்கான அறிவியல் வீடியோ என எங்கு பார்த்தாலும் இந்தத் தீர்வுதான்.

சரியான சொல் கரைசல். கரை என்ற வினையிலிருந்து வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து கலந்துபோவது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதற்கு உறவான 'கரகு' உருகுவதையும் கரைவதையும் சேர்த்தே குறிக்கும். தமிழ் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. ஐஸ் உருகும், உப்பு கரையும்.

தீர்வு எப்படி உள்ளே வந்தது? ஆங்கில 'சொல்யூஷன்' லத்தீனிலிருந்து வந்தது, மூலப்பொருள் கட்டவிழ்த்தல். கணக்கின் முடிச்சை அவிழ்த்தாலும் அதே சொல், உப்பின் கட்டு அவிழ்ந்தாலும் அதே சொல். அது அவர்கள் வசதி. நம் 'தீர்' என்பதில் கட்டவிழ்வது எங்கே இருக்கிறது? முடிந்துபோவதுதான் இருக்கிறது. உப்பு தண்ணீரில் முடிந்தா போகிறது? சோடியமும் குளோரைடும் தனித்தனி அயனிகளாகப் பிரிய, நீர் மூலக்கூறுகள் அவற்றைச் சூழ்ந்துகொள்கின்றன. தண்ணீர் வற்றினால் உப்பு திரும்பி வரும். தூத்துக்குடி உப்பளங்கள் அதை நம்பித்தானே இருக்கின்றன! அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு? பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'கரைசல்கள்' என்று ஒரு பாடமே இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்திருந்தால் போதும்.

கரைசலுக்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அது அடுப்படிச் சொல், கறாராக இல்லை என்பார்கள். தோசை மாவைக் கரைக்கிறோம், களிமண் பிள்ளையாரைக் கரைக்கிறோம்; இரண்டும் வேதியியல்படி கரைவதில்லை, கொஞ்ச நேரம் விட்டால் அடியில் படியும். உண்மைதான், அவை தொங்கல்கள், அதாவது துகள்கள் கரையாமல் நீரில் தொங்கி நிற்கும் கலவைகள். ஆனால் விசை, வேலை, ஆற்றல் எல்லாம் ஊர்ச்சொற்கள்தான்; இயற்பியல் எடுத்து எல்லை போட்டுக்கொள்ளவில்லையா? தவிர, ஊர்ப்பேச்சு அப்படியொன்றும் கண்ணை மூடிக்கொண்டு பேசுவதில்லை. ஜிகர்தண்டா போடுகிறவர் பாதாம் பிசினை 'ஊற வைத்தேன்' என்பாரே தவிர கரைத்தேன் என்று சொல்லமாட்டார். அது நீரை உறிஞ்சிப் பருத்துவிடும், கரையாது.

இன்னொரு கோஷ்டி 'உப்புத் திரவம்' என்று எழுதுகிறது. இது நிலையையும் கலவையையும் குழப்புவது. திண்மம் திரவமாவது உருகுதல். சாப்பாட்டு உப்பு அப்படி உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டினாலும் அதற்குப் பக்கத்தில்கூட வராது. அதே உப்பு 100 மில்லி பச்சைத் தண்ணீரில் சுமார் 36 கிராம் கரையும், சர்க்கரையோ 200 கிராம் வரை. அப்புறம், கரைசல் திரவமாகத்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. சோடா, வாயு நீரில் கரைந்தது. பித்தளை, துத்தநாகம் செம்பில் கலந்த திண்மக் கரைசல். தெற்காவணி மூல வீதிக் கடைகளில் வாங்கும் 22 காரட் நகையும் அந்த வகைதான். வளையலைத் திரவம் என்று சொல்வார்களா?

திரவம் வடசொல், நீர்மம் என்றே எழுது என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் பாதரசத்தை நீர்மம் என்றதும் பிள்ளைகள் அதில் நீரைத் தேடுகிறார்கள், அதனால் திரவமே இருக்கட்டும் என்பேன். தூய்மைக்காகத் தெளிவை விட எனக்கு மனமில்லை.

கலைச்சொல் ஆக்கினால் 'தெவிட்டிய கரைசல்' மாதிரி ஆக்கவேண்டும். இதற்குமேல் ஒரு சிட்டிகைகூட ஏற்காது என்பதற்கு, பாயசத்தைத் தள்ளிவைக்கும்போது சொல்லும் சொல்லையே எடுத்திருக்கிறார்கள். யார் ஆக்கியதோ, அருமை!

சரி, கரைசல் என்று எழுத வரவில்லையா, சலைன் என்றாவது விட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரியில் எதை ஏற்றினாலும் 'குளுக்கோஸ் ஏத்துறாங்க' என்பார்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அதுவும் தப்புத்தான், ஆனால் யாருக்கும் புரியாமல் போனதில்லை.