ஈ.சி.எம். போய்விட்டது என்று சொல்வதற்கு முன்

சென்ற மழைக்காலத்தில் ஒரு டீசல் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து எங்கள் பட்டறை வாசலில் நிறுத்தினார்கள். உரிமையாளரின் கையில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள், பழைய உதிரிபாகக் கடையில் 22,000 ரூபாய் கொடுத்து அவர் வாங்கிய ஈ.சி.எம்., அதாவது என்ஜினை இயக்கும் கணினி, இருந்தது. அதற்கு முன் வண்டியைப் பார்த்த இரண்டு இடங்களிலும், கணினியோடு பேசிக் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, “ஸ்கேனர் கனெக்ட் ஆகவில்லை, ஈ.சி.எம். போய்விட்டது” என்று சொல்லியிருந்தார்கள். அந்தச் சொல்லை நம்பி வாங்கி மாட்டியும் வண்டி கிளம்பாததால்தான் அவர் எங்களிடம் வந்திருந்தார்.

முதலில் வண்டியின் சொந்த ஈ.சி.எம்.மையே திரும்ப மாட்டினேன். பிறகு, டீசலின் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, 5 வோல்ட் வர வேண்டிய பின்னில் மல்டிமீட்டரை வைத்தபோது 0.4 வோல்ட்தான் காட்டியது. மீட்டரை அங்கேயே விட்டுவிட்டு, அதே 5 வோல்ட் இணைப்பில் இருக்கும் மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தேன். ஏ.சி. கேஸ் பிரஷர் சென்சாரின் கனெக்டரைப் பிடுங்கிய நொடியில் மீட்டர் 5.0 என்று ஏறி நின்றது, டாஷ்போர்டில் அதுவரை எரியாத செக் லைட் எரிந்தது, ஸ்கேனரும் பேசியது. அந்தச் சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி, கணினி தரும் 5 வோல்ட்டை மொத்தமாகத் தரைக்கு இழுத்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு சென்சாரை மாற்றியதும் வண்டி கிளம்பியது. ஆனால் 22,000 ரூபாய்ப் பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படி ஒரு குடும்பத்தின் பணம் வீணாவதைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் ஏற்படுகிறது. ஈ.சி.எம். தன்னளவில் உறுதியான பாகம். அது பேசாமல் இருப்பதற்கும் இறந்துவிட்டதற்கும் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டை அளந்துதான் சொல்ல முடியும், ஊகித்துச் சொல்லக் கூடாது. வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 4 விதிகள் நாடு முழுவதும் 2017 ஏப்ரலிலும் பி.எஸ். 6 விதிகள் 2020 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்த பிறகு, வண்டிகளில் சென்சார்களும் ஒயர்களும் பெருகிவிட்டன. அவற்றில் ஏதோ ஒன்று கெட்டாலும் பழி கணினியின் மேல் விழுகிறது.

ஈ.சி.எம். வேலை செய்ய மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும்: உள்ளே வரும் 12 வோல்ட், வெளியேறும் எர்த், அது சென்சார்களுக்குக் கொடுக்கும் 5 வோல்ட். இவற்றில் முதல் இரண்டையும் மீட்டரால் மட்டும் சோதித்துவிட்டுத் திருப்தி அடைவதுதான் அனுபவமுள்ளவர்களும் செய்கிற பிழை. எலி கடித்து, ஏழெட்டு இழைகளில் ஓர் இழை மட்டும் மிஞ்சியிருக்கும் ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டை இழுப்பதே இல்லை. நான் ஹெட்லைட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர்களைப் பற்றவைத்து வைத்திருக்கிறேன். ஈ.சி.எம். கனெக்டரைக் கழற்றிவிட்டு, அதன் பவர் ஒயருக்கும் எர்த் ஒயருக்கும் இடையே அந்த 55 வாட் பல்பை எரியவிட்டால் ஏறக்குறைய நாலரை ஆம்பியர் ஓடும். பல்பு வெள்ளையாக எரிந்தால் ஒயரும் ரிலேயும் சரி; மங்கினால் அந்த வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. சென்சார் ஒயர்களிலோ ஈ.சி.எம்.மின் வெளியீட்டு ஒயர்களிலோ இந்தப் பல்பை ஒருபோதும் வைக்கக் கூடாது. நல்ல கணினியை நாமே எரித்ததாகிவிடும்.

எர்த்தைச் சோதிக்க இன்னொரு வழியும் உண்டு. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மீட்டரின் ஒரு முனையையும், ஈ.சி.எம்.மின் எர்த் பின்னில் மறு முனையையும் வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால், பாடியிலோ என்ஜினிலோ எர்த் போல்ட் துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரியே 9 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் பல கணினிகள் அந்த நொடியில் அணைந்து எழும். அப்போது ஸ்கேனரில் வரும் கோடுகளை, அதாவது கோளாறுக் குறியீடுகளை, வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. ஈ.சி.எம்.மின் உள்கோளாறைக் குறிக்கும் பி 0601, பி 0606 போன்ற கோடுகள் வந்தாலும், நல்ல பேட்டரியைப் போட்டு, கோடுகளை அழித்து, அவை மறுபடி வருகின்றனவா என்று பார்த்த பிறகே நம்புவேன்.

ஸ்கேனர் பேசவில்லை என்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டின் 6-ஆம், 14-ஆம் பின்களுக்கு இடையே ஓம்ஸ் அளக்கலாம். வண்டியிலுள்ள கணினிகள் ஒன்றோடொன்று பேசும் இரண்டு ஒயர்களான கேன் இணைப்பின் இரு முனைகளிலும் தலா 120 ஓம் இருப்பதால், சாக்கெட் அந்த இணைப்போடு நேரடியாகச் சேர்ந்திருக்கும் வண்டிகளில் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை துண்டித்திருக்கிறது. பூஜ்யத்தை நெருங்கினால் இரண்டு ஒயர்களும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

என்ஜின் சூடானதும் ஓட்டத்திலேயே நின்று, அரை மணி நேரம் ஆறிய பிறகு கிளம்பும் வண்டிகளுக்கும் ஈ.சி.எம்.தான் காரணம் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. கணினியின் போர்டில் பாகங்களைப் பற்றவைத்த சால்டர் விரிசல் விட்டிருந்தால் அப்படி நடப்பது உண்மைதான். ஆனால் என்ஜின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் கெட்டாலும் அதே அறிகுறிதான் வரும். அதன் விலையோ கணினியின் விலையில் மிகச் சிறு பங்கு.

இத்தனையும் சரியாக இருந்து, கணினியே போய்விட்டது என்று உறுதியானால், அடுத்த கேள்வி அதை எது கொன்றது என்பது. இதைக் கேட்காமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். இக்னிஷன் காயிலோ சோலினாய்டோ ஷார்ட் ஆகி, அதை இயக்கும் டிரான்சிஸ்டரை எரித்திருக்கலாம். ஆல்டர்னேட்டர் 15 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் செய்துகொண்டிருக்கலாம். பேட்டரியைக் கழற்றாமல் சேசிஸில் வெல்டிங் அடித்திருக்கலாம். ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது கேபிளை மாற்றிக் கொடுத்திருக்கலாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளத்தில் நின்ற வண்டிகளைப் போல, தண்ணீர் புகுந்து மெல்ல அரித்திருக்கலாம். இவற்றில் தண்ணீர்தான் ஏமாற்றக்கூடியது, ஏனென்றால் வெள்ளம் வடிந்து மாதங்கள் கழித்தும் பின்களில் பச்சை பூத்துக் கோளாறு தலைகாட்டும். ஒருமுறை ஈ.சி.எம். கனெக்டரைத் திறந்தபோது உள்ளே என்ஜின் ஆயில் நின்றது. என்ஜினில் இருக்கும் கேம் சென்சார் கசிந்து, ஒயரின் உறைக்குள்ளேயே ஆயில் ஊர்ந்து, ஒரு மீட்டருக்கு மேல் பயணம் செய்து அங்கே சேர்ந்திருந்தது. அந்தச் சென்சாரையும் ஒயரையும் விட்டுவிட்டுக் கணினியை மட்டும் மாற்றியிருந்தால் என்ன பயன்?

மாற்றும்போது, பெட்டியின் வடிவமும் கனெக்டரும் ஒத்துப்போனால் போதும் என்று நினைக்கக் கூடாது. லேபிளில் உள்ள பாக எண் கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும். ஒரே மாடலில் ஒரே ஆண்டில் வந்த இரு வண்டிகளுக்குள்ளும் மென்பொருள் வேறாக இருக்கலாம். எண் பொருந்தினாலும், தன் சாவியை அடையாளம் கண்டால்தான் என்ஜினைக் கிளம்பவிடும் திருட்டுத் தடுப்பு அமைப்பான இம்மொபிலைசர் உள்ள வண்டியில் வேறொரு வண்டியின் ஈ.சி.எம். நம் சாவியை ஏற்காது. முதலில் சொன்ன உரிமையாளரின் 22,000 ரூபாய்ப் பெட்டி, சென்சார் நன்றாக இருந்திருந்தாலும் வண்டியைக் கிளப்பியிருக்காது. பழைய கணினியின் தரவை மற்றொன்றுக்கு நகலெடுப்பது, அல்லது கம்பெனியின் கருவியால் சாவியையும் சேசிஸ் எண்ணையும் புதிதாகப் பதிவது ஆகிய இரண்டில் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும்.

புரோகிராம் செய்யும் நேரத்தில் பேட்டரி இறங்கிப் பதிவு பாதியில் நின்றால், புத்தம் புதிய ஈ.சி.எம்.மும் பேசாமல் போய்விடும். ஆகவே சீரான வோல்ட்டேஜ் தரும் பவர் சப்ளையைப் பேட்டரியோடு இணைத்துவிட்டுத்தான் நான் தொடங்குவேன். சாதாரண சார்ஜரின் வோல்ட்டேஜ் ஏறி இறங்குவதால் அதை இதற்குப் பயன்படுத்துவதில்லை. டீசல் வண்டியாக இருந்தால், டீசலைத் தெளிக்கும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் பொறித்திருக்கும் குறியீட்டை அதற்குரிய சிலிண்டரில் பதிய வேண்டும். இதை விட்டுவிட்டால் வண்டி கிளம்பும், ஆனால் ஐடிலில் அடிக்கும், புகை விடும். பி.எஸ். 6 டீசலில் புகைவடிகட்டியில் சேர்ந்திருக்கும் சாம்பலின் கணக்கும் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றப்பட வேண்டும். இல்லையென்றால், நிறைந்த வடிகட்டியைப் புதியது என்று கணினி நம்பிக்கொண்டிருக்கும்.

உரிமையாளர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஈ.சி.எம். போய்விட்டது என்று யாராவது சொன்னால், பவர், எர்த், 5 வோல்ட் மூன்றும் எவ்வளவு இருந்தன என்று கேட்டு, அந்த அளவுகளை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அளந்து பார்த்தவர் தயங்காமல் எழுதிக் கொடுப்பார். அடுத்து, கழற்றிய பழைய ஈ.சி.எம்.மைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் சாவியின் ரகசியமும் இன்ஜெக்டர் குறியீடுகளும் அதற்குள்தான் இருக்கின்றன. போர்டு எரிந்திருந்தாலும் நினைவகச் சில்லு பெரும்பாலும் உயிரோடு இருக்கும். புதியதில் ஏதாவது சிக்கல் வந்தால், அந்தச் சில்லிலிருந்துதான் தரவை மீட்க வேண்டியிருக்கும்.