விலகாமலும் ஒட்டாமலும்

கண் லென்ஸின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதம். மீதி பெரும்பாலும் தண்ணீர். இவ்வளவு புரதத்தை இவ்வளவு சிறிய இடத்தில் திணித்தால் அது கலங்கித்தானே போக வேண்டும்? ஆனால் லென்ஸ் பளிங்குபோல் தெளிவாக இருக்கிறது.

இந்தப் புரதங்களுக்குக் கிரிஸ்டலின் என்று பெயர். ஆல்பா, பீட்டா, காமா என மூன்று வகை. தனியாக ஒரு கிரிஸ்டலின் தன்மேல் படும் ஒளியைக் கொஞ்சம் சிதறடிக்கத்தான் செய்யும். நெருக்கமாக அடைத்தால் கதை மாறுகிறது. எல்லாப் பக்கமும் நெருக்கடி என்பதால் பக்கத்துப் புரதங்களுக்கிடையே ஓரளவு சீரான இடைவெளி வந்துவிடுகிறது. ஒளியின் அலைநீளமோ இந்தப் புரதங்களைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் சிதறிய அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, ஒளி நேராகக் கடந்துபோகிறது. 1971-இல் இயற்பியலாளர் ஜார்ஜ் பெனடெக் சொன்ன கருத்து இது. 1983-இல் டெலே, தார்தியூ இருவரும் சோதனையில் காட்டினார்கள்.

சரி, அப்படியென்றால் புரதங்கள் ஒன்றையொன்று தொடாமல் இருந்தால் போதும் என்று தோன்றும். அதுதான் இல்லை. காமா கிரிஸ்டலின்களுக்குத் தங்களுக்குள்ளேயே ஓர் ஈர்ப்பு உண்டு. கன்றின் லென்ஸை நன்றாகக் குளிரவைத்தால் அந்த ஈர்ப்பு மேலோங்கி, புரதம் அடர்ந்த பகுதியும் குறைந்த பகுதியுமாகப் பிரிந்து, லென்ஸ் வெளுத்துவிடும். சூடாக்கினால் மறுபடி தெளியும். இதற்குக் குளிர்ப்புரை என்றே பெயர். சேர்வதை எல்லாம் கெடுதல் என்று நினைப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஆல்பாவும் காமாவும் கலந்த கரைசலை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, இரண்டுக்கும் இடையே மெல்லிய ஈர்ப்பு இருந்தால்தான் கலவை நிலையாக இருக்கிறது என்றது. அந்த ஈர்ப்பு கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல்.

இந்த நுட்பமான சமநிலை ஒரு வாழ்நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதுதான் பெரிய சிக்கல். லென்ஸின் நார்ச் செல்கள் முதிரும்போது உட்கருவையும் செல்லுக்குள் இருக்கும் மற்ற நுண்ணுறுப்புகளையும் துறந்துவிடுகின்றன. ஒளிக்கு அவை இடைஞ்சல். அப்புறம் புதுப் புரதம் செய்ய வழியே இல்லை. லென்ஸின் நடுவில் இருப்பவை நாம் பிறக்கும் முன்பே உருவானவை. இதற்கு ஒரு விசித்திரமான சாட்சி உண்டு: 1950-60களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடியது. அந்த அளவை வைத்து, லென்ஸ் புரதத்திலிருந்தே ஒருவர் பிறந்த ஆண்டைக் கணிக்கலாம் என்று 2008-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

வயதாக ஆக அந்தப் பழைய புரதங்கள் சிதைகின்றன. அமினோ அமிலங்கள் மாறுகின்றன, மடிப்பு தளர்கிறது, உள்ளே ஒளிந்திருந்த ஒட்டும் பகுதிகள் வெளியே வருகின்றன. அந்த நேரத்தில் ஆல்பா கிரிஸ்டலின் போய்ப் பிடித்துக்கொள்கிறது. 1992-இல் ஜோசப் ஹார்விட்ஸ் கண்டுபிடித்த வேலை இது: தளர்ந்த புரதத்தைத் தன்னோடு கட்டிக்கொண்டு, அது மற்றவற்றோடு ஒட்டித் திரளாமல் தடுப்பது. ஆனால் பழுது பார்ப்பதில்லை, பிடித்து வைப்பதோடு சரி. கையிருப்பும் குறைந்துகொண்டே வருகிறது. நாற்பதைத் தாண்டும்போது லென்ஸின் நடுப்பகுதியில் கரைந்த நிலையில் இருக்கும் ஆல்பா ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது. வெள்ளெழுத்து வரும் வயதும் அதுவே; லென்ஸ் விறைப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று கருதுகிறார்கள்.

இன்னொரு பக்கம் ஆக்சிஜனேற்றம். சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தில் உள்ள கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து, இரு புரதங்களை நிரந்தரமாகப் பூட்டிவிடும். ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்கும் குளுட்டாதியோன் என்ற பொருள் இதைத் தடுக்கும். வயதானால் அது லென்ஸின் நடுவுக்குப் போதுமான அளவு போய்ச் சேர்வதில்லை. குளிர்ப்புரைபோல் இது சூட்டில் தெளியாது. திரள்கள் ஒளியின் அலைநீளத்துக்கு ஈடாக வளர்ந்ததும் ஒளி சிதறத் தொடங்குகிறது. அதுதான் கண்புரை.

புரதம் சிதையாமலே புரை வருவதும் உண்டு. காமா வகையில் ஒன்றான காமா-டி கிரிஸ்டலினில் 23-ஆவது இடத்திலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலம் திரியோனின் என்ற வேறொன்றாக மாறினால் புரதம் சரியாகவே மடிகிறது. ஆனால் அதன் மேற்பரப்பு மற்றதோடு ஒட்டும்படி ஆகிவிடுகிறது. அந்த ஓர் அமினோ அமிலத்துக்காகவே சின்ன வயதிலேயே லென்ஸ் வெளுக்கிறது.