யாரும் பாக்கலன்னாலும் ஏன் வழி விடறோம்?

ஏற்காடு மலைப்பாதைல 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு. முக்கால்வாசி நேரம் அங்க நாமளும் எதிர்ல வர்ற வண்டியும் மட்டுந்தான். இருந்தாலும் கீழேர்ந்து பஸ் ஏறி வர்றத பாத்தா எறங்குற கார்காரரு தானா ஓரங்கட்டிடுவாரு. ஏத்தத்துல லோடோட நின்ன வண்டி திரும்ப கெளம்புறதுக்குள்ள பின்னாடி உருளும், கிளட்ச் கருகும், அது அவருக்கே தெரியும், இன்னைக்கு எறங்குறவரு நாளைக்கு ஏறணும்ல. அதே ஆளு சேலம் டவுனுக்குள்ள வந்துட்டா ராத்திரி காலி சிக்னல்ல நிக்க மாட்டாரு.

டாம் டைலர்னு அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒருத்தர் 1984ல சிகாகோல 1,575 பேர பேட்டி எடுத்தாரு. மாட்டிக்குவோம்ங்கற பயத்த விட, இந்த ரூல் போட்டவங்களுக்கு அந்த உரிமை இருக்கு, நம்மள நியாயமா நடத்துறாங்கங்கற நெனப்புதான் ஜனங்கள சட்டப்படி நடக்க வைக்குதுன்னு தெரிஞ்சுது. முடிவு நமக்கு எதிரா போனாக்கூட, நம்ம பேச்ச காது குடுத்து கேட்டாங்கன்னா ஏத்துக்குறோம்.

நம்ம தமிழ்நாட்டுலயும் பொருளாதார பேராசிரியர் பிரணாப் பர்தன் 48 பாசன ஊர ஆராய்ஞ்சு 2000ல எழுதுனாரு. தண்ணி பங்கீட்டு முறைய ஊரு பெரிய புள்ளிங்க மட்டும் முடிவு பண்ணுனதா விவசாயிங்க நெனச்ச எடத்துல வாய்க்கா பராமரிப்பு மோசம். எல்லாரும் சேந்து போட்ட முறைன்னா, மத்தவங்களும் ஒழுங்கா நடக்குறாங்கன்னு நம்புறாங்க.

அந்த "மத்தவங்களும்"ங்கறதுதான் விஷயமே.

அம்மாபேட்டைல எங்க தெரு குழாய்ல வீட்டுக்கு 8 குடம், அப்புறந்தான் அடுத்த சுத்து, தெருவே பேசி வெச்சது. ஒருநாள் ஒரு அக்கா ஒம்போதாவது குடத்த மெதுவா நகத்துனாங்க, கடைசில நின்ன ஆயா "ஏங்கண்ணு, எட்டு ஆயிடுச்சுல்ல"ன்னு ஒரே வார்த்தைதான், குடம் வெளிய வந்துடுச்சு. ஆயாவுக்கு எந்த அதிகாரமும் கெடையாது, வரிசை மொத்தமும் தன் பக்கம் நிக்கும்னு தெரிஞ்சுதான் கேட்டாங்க.

அப்புறம் ஒரு கோடைல தண்ணி விடுற ஆபீஸ்காரங்க தெருவுல யாரையும் கேக்காம "5 குடம் மட்டும்"னு போர்டு மாட்டிட்டு போயிட்டாங்க. அன்னைக்கு 12 குடம் புடிச்சவங்கள யாரும் கேக்கல, ஆயாவும் கேக்கல, அவங்க புடிக்கிறாங்க நாம மட்டும் ஏன் விடணும்னு ஆளாளுக்கு முட்டி மோதி கடைசி நாலு வீட்டுக்கு சொட்டு தண்ணி போகல.

மறுநாள் தெருவுல உக்காந்தோம். பெரிய குடும்பம், சின்ன குடும்பம்னு ஒரு மணி நேரம் சண்டை, கடைசில எல்லாரும் ஒத்துக்கிட்டது 6 குடம், போர்டுல இருந்தத விட ஒண்ணே ஒண்ணுதான் ஜாஸ்தி. ஆயா திரும்ப எண்ண ஆரம்பிச்சுட்டாங்க.