வாள் பட்டும் அடி விழாதது ஏன்?

நங்கநல்லூரில் இருக்கும் என் அக்காள் மகள் கடந்த கோடை விடுமுறையில் தொலைபேசியில் என்னிடம் ஒரு புகார் சொன்னாள். "மாமா, குகை வாசல்ல நிக்கிறவன் மேல கத்தி நல்லாவே படுது, கண்ணால பாக்கறேன். ஆனா ஒரு அடிகூட விழ மாட்டேங்குது. கேம்ல ஏதோ கோளாறு இருக்கு." அவள் விளையாடிக்கொண்டிருந்தது 2002ஆம் ஆண்டு வெளிவந்த மாரோவிண்ட் என்ற விளையாட்டு. கற்பனை உலகில் கைதியாக வந்து இறங்கும் ஒரு வலுவற்ற பாத்திரத்தைச் சிறிது சிறிதாகப் போர்வீரனாக வளர்த்தெடுப்பதே அதன் பெரும்பகுதி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த விளையாட்டைத் தொடங்குவோர் பலரும் முதல் அரை மணி நேரத்தில் சொல்லும் புகார்தான் அவள் சொன்னதும்.

கோளாறு எதுவும் இல்லை. திரையில் வாள் எதிரியின் உடலைத் தொடுவது ஒரு காட்சி மட்டுமே. அடி விழுந்ததா இல்லையா என்பதை அதற்குப் பின்னால் உருளும் ஒரு பகடை தீர்மானிக்கிறது. இந்த வழக்கத்தின் வேர் 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டில் இருக்கிறது. அங்கே தாக்குபவர் இருபது முகங்கள் கொண்ட பகடையை உருட்டுவார். எதிரியின் காப்புக்கு ஏற்ற எண்ணோ அதைவிடப் பெரிய எண்ணோ விழுந்தால்தான் அடி விழும். மேசையில் பகடை கண்ணுக்குத் தெரிவதால் தவறிய அடியைப் பற்றி யாரும் வியப்பதில்லை. கணினி அந்தப் பகடையை மறைத்துவிட்டு வாளை மட்டும் காட்டுவதால்தான் குழப்பம் வருகிறது.

மாரோவிண்டின் கணக்கு எளிமையானது. பாத்திரத்தின் ஆயுதத் திறனுடன் சுறுசுறுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் அதிர்ஷ்டத்தில் பத்தில் ஒரு பங்கையும் கூட்ட வேண்டும். வரும் தொகையை உடலில் மிச்சமிருக்கும் தெம்பைப் பொறுத்து 0.75 முதல் 1.25 வரையிலான ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். எதிரியின் விலகும் ஆற்றலும் இதே வகையில் கணக்கிடப்படுகிறது. ஆனால் அதில் ஆயுதத் திறன் சேராது, சுறுசுறுப்பும் அதிர்ஷ்டமும் தெம்பும் மட்டுமே சேரும். மந்திரங்களின் விளைவு எதுவும் இல்லாதபோது, முதல் தொகையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பதே அடி விழுவதற்கான விழுக்காடு.

இதை ஓர் எடுத்துக்காட்டில் போட்டுப் பார்க்கலாம். இரு தரப்புக்கும் சுறுசுறுப்பு 40, அதிர்ஷ்டம் 40, முழுத் தெம்பு என்று வைத்துக்கொள்வோம். பாத்திரம், தொடக்கத்தில் அதற்கென்று தேர்ந்த தொழிலுக்கு அப்பாற்பட்ட ஓர் ஆயுதத்தை எடுத்தால் அதில் அதன் தொடக்கத் திறன் பொதுவாக 5. ஐந்துடன் எட்டையும் நான்கையும் கூட்டினால் 17, அதை 1.25ஆல் பெருக்கினால் 21.25. எதிரியின் விலகும் ஆற்றல் 15. மிச்சம் 6.25 விழுக்காடு, அதாவது பதினாறு வீச்சுக்குச் சராசரியாக ஓர் அடி.

இந்த எண்ணைக் கண்டதும் எனக்குத் தாயக்கட்டை நினைவுக்கு வந்தது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க எங்கள் வீட்டில் உருட்டும் பித்தளைக் கட்டைகள் இரண்டிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள் உண்டு. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. மொத்தம் பதினாறு விதமாக விழக்கூடிய கட்டைகளில் பன்னிரண்டு விழுவது ஒரே ஒரு விதத்தில்தான். அதுவும் சரியாக 6.25 விழுக்காடு. எனவே என் மருமகள் அந்தக் குகை வாசலில் வீசிய ஒவ்வொரு வீச்சும் ஒரு பன்னிரண்டுக்காகக் கட்டையை உருட்டியதற்குச் சமம். பதினாறு முறை உருட்டினால் ஒரு பன்னிரண்டு உறுதி என்று பாட்டிமார் யாரும் நம்புவதில்லை. அவர்கள் நம்பாதது சரியே. பதினாறு உருட்டலிலும் ஒருமுறைகூட விழாமல் போவதற்கு ஏறக்குறைய 36 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அவள் "ஒரு அடிகூட விழவில்லை" என்றது மிகையாகவே இருக்க வேண்டியதில்லை.

அவள் செய்த பிழை என்ன என்பது அடுத்த கேள்வியில் தெரிந்துவிட்டது. பாத்திரத்தை உருவாக்கும்போது நீள்வாளைத்தான் தன் முதன்மைத் திறன்களில் ஒன்றாகத் தேர்ந்திருக்கிறாள். அதில் அவளுடைய தொடக்க அளவு 30. ஆனால் தொடக்க ஊரான சேடா நீனின் அலுவலகத்தில் கைக்கு எட்டும் முதல் ஆயுதம் ஓர் இரும்புக் குத்துவாள். குத்துவாள் குறுவாள் திறனைச் சேர்ந்தது. அதில் அவளுக்கு இருந்ததோ 5. கையில் இருப்பதை வைத்துச் சண்டைக்குப் போவது இயல்பான செயல்தான், அதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது; விளையாட்டை வடிவமைத்தவர்கள் அந்த இடத்தில் இன்னும் தெளிவாக வழிகாட்டியிருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். அதே எதிரியை நீள்வாளால் தாக்கினால் வாய்ப்பு 37.5 விழுக்காடு, அதாவது ஆறு மடங்கு. தாயக்கட்டையில் சொன்னால், பன்னிரண்டுக்குக் காத்திருந்த நிலை மாறி, தாயமோ மூன்றோ எது விழுந்தாலும் போதும் என்ற நிலை வந்துவிடுகிறது.

இரண்டாவது பிழையும் உண்டு. வலுவற்ற பாத்திரத்துக்கு அதுவே கொடியது. திரையின் மூலையில் இருக்கும் பச்சைப் பட்டை தெம்பைக் குறிக்கிறது. ஓடினாலும் குதித்தாலும் வாளை வீசினாலும் அது குறையும். ஊரிலிருந்து குகை வரை ஓடிப்போய், மூச்சு வாங்காமல் சண்டையைத் தொடங்குபவருக்குப் பட்டை காலியாக இருக்கும். அப்போது பெருக்கும் எண் 1.25 அல்ல, 0.75. பழவந்தாங்கல் ரயில் நிலையத்தின் படிகளில் ஓடி ஏறி வண்டியைப் பிடித்தவர் உட்கார்ந்த மறுகணமே ஊசியில் நூல் கோக்க முயல்வதைப் போன்றது அது. நம் எடுத்துக்காட்டில் திறன் 30 உள்ளவருக்கு வாய்ப்பு 37.5இலிருந்து 16.5க்கு இறங்குகிறது. திறன் 5 உள்ளவருக்கோ கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது. அவர் விடியும்வரை வீசினாலும் அடி விழாது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இன்றைய விதிகளில் பகடையில் 20 விழுந்தால் எதிரி யாராக இருந்தாலும் அடி உறுதி என்பதால், மிக எளிய வீரனுக்கும் 5 விழுக்காடு வாய்ப்பு எப்போதும் உண்டு. அந்தக் கருணை மாரோவிண்டில் கிடையாது. தெம்பு குறைந்தால் தன் விலகும் ஆற்றலும் குறைவதால், எதிரியின் அடிகளும் கூடுதலாக விழும். எனவே குகை வாசலுக்குச் சற்று முன்பே ஓட்டத்தை நிறுத்தி, பட்டை நிறையும்வரை நின்று, பிறகு நடந்து போவது ஆயுதத்தை மாற்றாமலேயே கிடைக்கும் பெரிய முன்னேற்றம்.

இனி பயிற்சிக்கு வருவோம். இந்த விளையாட்டில் எந்தத் திறனைப் பயன்படுத்துகிறோமோ அதுவே வளரும். வாள் வீசினால் வாள் திறன், கவசத்தின்மேல் அடி வாங்கினால் கவசத் திறன். ஆனால் எதிரியின்மேல் விழுந்த அடிக்கு மட்டுமே ஆயுதத் திறனில் முன்னேற்றம் கிடைக்கும். தவறிய வீச்சுக்கு எதுவும் கிடையாது. மனிதர்களின் கற்றல் இப்படி இல்லை. சிலம்பம் பழகுபவர் தவறிய வீச்சிலிருந்தும் எதையோ எடுத்துக்கொள்கிறார், சில வேளைகளில் அதிலிருந்துதான் அதிகம் எடுத்துக்கொள்கிறார். விளையாட்டு இந்த உண்மையை விட்டுவிட்டதால் ஒரு முடிச்சு விழுகிறது: திறன் இல்லாததால் அடி விழுவதில்லை, அடி விழாததால் திறன் வளர்வதில்லை.

முடிச்சை அவிழ்க்க முதல் வழி, ஊர்களில் இருக்கும் பயிற்சியாளர்களிடம் பொற்காசு கொடுத்துக் கற்பது. கட்டணம் நம் இப்போதைய திறன் அளவைப் பொறுத்து ஏறுவதால், தொடக்கத்தில்தான் அது மிக மலிவு. ஒரு பாடத்துக்கு விளையாட்டின் நேரத்தில் இரண்டு மணி நேரம் செலவாகும், திறன் ஒன்று கூடும். 5இலிருந்து 10க்கு ஐந்து பாடங்கள் போதும். அடி விழும் வாய்ப்பு 6.25இலிருந்து 12.5ஆக இரட்டிக்கிறது. பன்னிரண்டு விழக் காத்திருந்தவர், தாயம் விழுந்தால் போதும் என்ற இடத்துக்கு வந்துவிடுகிறார். அதே ஐந்து பாடங்களை 50இல் எடுத்தால் வாய்ப்பு 62.5இலிருந்து 68.75க்குத்தான் போகும், செலவோ பல மடங்கு. கையில் காசு குறைவாக இருக்கும் தொடக்கத்திலேயே அதைப் பயிற்சிக்குச் செலவிட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். பளபளக்கும் கவசம் வாங்கக் காசு சேர்ப்பவர்கள் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள்.

இரண்டாவது வழி எதிரியைத் தேர்ந்தெடுப்பது. சுறுசுறுப்பு 20 மட்டுமே உள்ள மந்தமான எதிரியின் விலகும் ஆற்றல் 15 அல்ல, 10. திறன் 60 உள்ளவருக்கு இந்த வேறுபாடு 75ஐ 80ஆக்கும், அவ்வளவே. திறன் 5 உள்ளவருக்கோ 6.25ஐ 11.25ஆக்கிவிடும். தெருக் கிரிக்கெட்டில் புதிதாக மட்டை பிடிக்கும் சிறுவனுக்கு மெதுவாகப் பந்து போடச் சொல்லும் அண்ணன் இதே கணக்கைத்தான், எண்கள் இல்லாமல், அறிந்து வைத்திருக்கிறான்.

மாரோவிண்ட் இடம்பெற்ற விளையாட்டுத் தொடரின் அடுத்த விளையாட்டான ஆப்ளிவியன் 2006இல் வந்தபோது மறைந்திருந்த பகடை நீக்கப்பட்டது; வாள் பட்டால் அடி விழுந்துவிடும், திறன் குறைவானால் சேதம் மட்டும் குறையும். புகார் ஓய்ந்தது, வேறொரு சிக்கல் தொடங்கியது. அதில் பாத்திரத்தின் நிலை உயர உயர எதிரிகளும் வலுப்பெறுவார்கள். முதன்மைத் திறன்களில் மொத்தம் பத்து ஏற்றங்கள் சேர்ந்ததும் நிலை உயரும். அந்தப் பத்தும் பேச்சிலும் வணிகத்திலும் சேர்ந்திருந்தால், வாள் பிடிக்கத் தெரியாதவர் முன்னைவிடக் கடுமையான எதிரிகளின் முன் நிற்க நேரிடும். அதே தொடரில் 2011இல் வந்த ஸ்கைரிமில், ஒரு நிலைக்கு ஐந்து பாடங்களுக்கு மேல் காசு கொடுத்துக் கற்க முடியாதபடி வரம்பு உண்டு. ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டின் போக்கு முற்றிலும் வேறு. அங்கே ஒரு திறனின் இரண்டாவது நிலைக்கு 83 புள்ளிகள் போதும், 99ஆவது நிலைக்கு 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். 92ஆவது நிலையை எட்டியவர் அப்போதுதான் பாதி வழியைக் கடந்திருப்பார்.

மாரோவிண்டுக்குத் திரும்புகிறேன், ஏனெனில் அதன் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று மிச்சமிருக்கிறது. ஒரு திறன் அடுத்த அளவுக்கு ஏறத் தேவையான முன்னேற்றப் புள்ளிகள், இப்போதைய அளவுடன் ஒன்றைக் கூட்டி ஒரு காரணியால் பெருக்கினால் கிடைக்கும். முதன்மைத் திறனுக்கு அந்தக் காரணி 0.75, தொழிலுக்கு அப்பாற்பட்ட திறனுக்கு 1.25. சுறுசுறுப்பும் அதிர்ஷ்டமும் தெம்பும் சமமாக உள்ள எதிரியுடன் முழுத் தெம்பில் மோதும்போது அடி விழும் விழுக்காடு, நாம் மேலே கண்ட எண்களில், திறனின் ஒன்றேகால் மடங்கு. விழும் ஓர் அடிக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டால், முதன்மைத் திறன் 30இலிருந்து 31க்கு ஏறச் சராசரியாக 62 வீச்சுகள் வேண்டும். 40இலிருந்து ஏறவும் ஏறக்குறைய 62தான், 60இலிருந்து ஏற 61. மேலே போகப் போகத் தேவையான அடிகள் கூடுகின்றன, அதே விகிதத்தில் விழும் அடிகளும் கூடுகின்றன. ஒன்றை ஒன்று ஈடு செய்துவிடுகின்றன. அடி விழும் வாய்ப்பு நூறு விழுக்காட்டைத் தொடும் 80ஆம் அளவுக்குப் பிறகுதான் உழைப்பு உண்மையில் கூடத் தொடங்குகிறது.

ஆனால் ஒவ்வோர் ஏற்றமும் தரும் பயன் ஒன்றுபோல் இல்லை. 30இலிருந்து 31க்கு ஏறும்போது அடிகளின் எண்ணிக்கை முப்பதில் ஒரு பங்கு கூடுகிறது, 60இலிருந்து ஏறும்போது அறுபதில் ஒரு பங்கு; 5இலிருந்து 6க்கு ஏறும்போதோ ஐந்தில் ஒரு பங்கு. குத்துவாளைக் கீழே போடச் சொன்ன நான் இந்தக் கணக்கையும் சேர்த்தே மருமகளுக்கு விளக்கினேன். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, நீள்வாளை விற்பவர் அந்த ஊரில் எங்கே இருப்பார் என்று கேட்டாள்.