சொல் விளக்கம்: சப்போர்ட்டட் அட்மிஷன்

மனநல மருத்துவமனைக்கு யாரையாவது அழைத்துப் போன குடும்பங்களுக்கு இந்தச் சொல் பழகியிருக்கும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 89-ஆம் பிரிவின் கீழ் ஒருவரை மருத்துவமனையில் சேர்ப்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். நோயால் சுயமாக முடிவெடுக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டவரை, அவருடைய சம்மதம் இல்லாமலே சேர்த்துச் சிகிச்சை தர இந்தப் பிரிவு இடம் கொடுக்கிறது.

அப்படியானால் நேராகக் 'கட்டாயச் சேர்க்கை' என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். ஆனால் இந்தச் சட்டத்துக்கு முன்பு இருந்த சொற்களைப் பார்த்தால், 'சப்போர்ட்' ஏன் உள்ளே வந்தது என்பது விளங்கும்.

1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே லூனசி சட்டம். லத்தீனில் லூனா என்றால் நிலா. நிலவின் போக்கில் புத்தி பேதலிக்கும் என்ற பழைய நம்பிக்கையில் பிறந்த சொல் அது. அமாவாசை வந்தால் பித்து ஏறும் என்று நம் ஊரிலும் சொல்வதுண்டு. அந்தச் சட்டத்தில் மாஜிஸ்திரேட் 'ரிசப்ஷன் ஆர்டர்' போடுவார், காப்பகம் ஆளை ஏற்றுக்கொள்ளும். 1987-ஆம் ஆண்டுச் சட்டம் 'லூனடிக்' என்ற சொல்லைக் கைவிட்டது, ஆனால் ரிசப்ஷன் ஆர்டரை விடவில்லை. போதாததற்கு, உறவினரோ நண்பரோ எழுதிக்கொடுத்து, இரண்டு மருத்துவச் சான்றிதழ் இருந்தால், மாஜிஸ்திரேட்டிடம் போகாமலே 90 நாள் வரை உள்ளே வைத்திருக்கலாம் என்றும் அது சொன்னது.

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் முடிவெடுக்கக் கூடாது, அவரே முடிவெடுக்கத் துணை நிற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 'சப்போர்ட்' அங்கிருந்துதான் நம் சட்டத்துக்கு வந்தது. லத்தீன் மூலத்தில் அதற்குக் கீழிருந்து தாங்கிச் சுமப்பது என்று பொருள். தமிழில் கைத்தாங்கலாக அழைத்து வருவது என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான்: நடப்பவர் அவர், பிடித்துக்கொள்பவர் நாம்.

நடைமுறையில் எப்படி என்று பார்ப்போம். நான்கு நாளாகச் சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல், கதவைத் தாழிட்டுக் கிடந்த மகனை அம்மா புறநோயாளிப் பிரிவுக்குக் கூட்டி வருகிறார். "எப்படியாவது அட்மிட் பண்ணிடுங்க டாக்டர்" என்கிறார். அம்மாவின் கையெழுத்து மட்டும் போதாது. ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ, தனித்தனியாக அவரைப் பரிசோதிக்க வேண்டும். சமீபத்தில் தன்னைக் காயப்படுத்திக்கொள்ள முயன்றாரா அல்லது மிரட்டினாரா, பிறரிடம் வன்முறையாக நடந்தாரா, ஆபத்து வரும் அளவுக்குத் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் போனாரா என்று பார்ப்பார்கள். இதில் ஒன்றாவது இருக்க வேண்டும். கூடவே, பெரிய அளவில் துணை இல்லாமல் அவரால் முடிவெடுக்க முடியாது என்பதும் உறுதியாக வேண்டும். 'மாத்திரை சாப்பிட மாட்டேங்கிறான்' என்பது மட்டும் காரணமாகாது.

இங்கே அம்மா நிற்பது 'நியமனப் பிரதிநிதி', அதாவது நோயாளி முடிவெடுக்கத் துணை நிற்பவர் என்ற இடத்தில். மகன் நல்ல நிலையில் இருந்தபோது வேறு யாரையாவது எழுதி வைத்திருந்தால், அந்த இடம் அவருக்குத்தான். மகன் எழுதி வைக்காததால்தான் உறவினர் என்ற முறையில் அம்மாவுக்கு வந்தது.

சேர்த்த செய்தியை, இப்படிப்பட்ட சேர்க்கைகளைச் சரிபார்க்கும் மனநலச் சீராய்வு வாரியத்துக்கு மருத்துவமனை தெரிவிக்க வேண்டும். பெண்கள் என்றால் 3 நாளுக்குள், ஆண்கள் என்றால் 7 நாளுக்குள். சேர்த்தது சரியில்லை என்று நோயாளியே வாரியத்திடம் முறையிடலாம். அவருக்கு முடிவெடுக்கும் திறன் திரும்பியிருக்கிறதா என்று 7 நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். உச்சவரம்பு 30 நாள். அதற்கு மேல் வைத்திருக்க இரண்டு மனநல மருத்துவர்களின் பரிசோதனையும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்கள் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு எந்த வடிவிலும் தடை செய்கிறது.

சரி, தமிழில் என்ன எழுதலாம்? 'ஆதரவுச் சேர்க்கை' என்றால் ஆதரவற்றோர் இல்லத்தில் சேர்ப்பது போலிருக்கிறது. 'துணைச் சேர்க்கை' என்றால் கல்லூரியில் துணைக் கலந்தாய்வு நினைவுக்கு வருகிறது. 'துணையுடன் சேர்க்கை' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. செய்தியில் எழுதும்போது, 'அதாவது, நோயாளியின் சம்மதமின்றி' என்று பக்கத்திலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. மென்மையான பெயர் வைத்துவிட்டதால் அங்கே கட்டாயம் இல்லையென்று ஆகிவிடாது. 'பிடித்து அடைத்தார்கள்' என்று எழுதுவது அதைவிட மோசம். அது நோயாளியைக் குற்றவாளியாக்குகிறது, அடுத்த குடும்பத்தை மருத்துவமனைப் பக்கமே வரவிடாமல் செய்கிறது.

இதன் எதிர்ச்சொல் 'இண்டிபெண்டன்ட் அட்மிஷன்'. தமிழில் 'சுயச் சேர்க்கை' எனலாம். 30 நாளுக்குள் உடம்பும் மனமும் தேறி, நிபந்தனைகள் பொருந்தாமல் போனால், மருத்துவமனை அதை நோயாளியிடம் சொல்லியாக வேண்டும். அதன்பின் வீட்டுக்குப் போவதா, அதே வார்டில் சுயச் சேர்க்கை நோயாளியாகத் தொடர்வதா என்பது அவர் முடிவு.