செயற்கைக் குற்றிழையைச் ‘செயற்கை முடி’ என்னாதீர்

உயிரணுவின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய இழைகளான சிலியாவைப் பார்த்துச் செய்யப்படும் நுண்ணிய இழைகளைச் ‘செயற்கை முடி’ என்று எழுதுவது பெருகிவிட்டது. படிப்பவர் டோப்பாவை நினைப்பாரே தவிர, காந்தப்புலத்தில் வளைந்து நீரைத் தள்ளும் இழையை நினைக்கமாட்டார்.

சிலியம் லத்தீன் சொல், பன்மை சிலியா. கண்ணிமை, இமைமயிர் என்று பொருள். தோற்றத்தை வைத்து இட்ட பெயர், அவ்வளவே.

தோற்றத்தைத் தாண்டினால் முடிக்கும் இதற்கும் உறவே இல்லை. முடி உயிரற்ற கெராட்டின். காற்றடித்த பக்கம் சாயும். மூச்சுக்குழாயில் இருக்கும் சிலியாவோ நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் தானே அசைந்து சளியைத் தொண்டைப் பக்கம் ஏற்றுகிறது. அதனுள் சுற்றிலும் 9 இணை நுண்குழல்கள், நடுவில் 2. டைனின் புரதம் அவற்றைச் சறுக்கவைப்பதால் இழை வளைகிறது. முடி ஓட்டத்தில் அசைவது. இது ஓட்டத்தையே உண்டாக்குவது. இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பது எளிமை அல்ல, பிழை.

சிலியாவுக்கு இலங்கை வழக்கான ‘பிசிர்’ அழகான சொல்தான். உயிரியலில் அது நிற்கட்டும். ஆனால் துணி ஓரத்தில் வேண்டாமல் நீட்டிக்கொண்டிருப்பதும் பிசிர்தானே? நீளம், விறைப்பு எல்லாம் கணக்கிட்டு வடிவமைத்த இழையைச் ‘செயற்கைப் பிசிர்’ என்றால் வேலைப்பாட்டின் குறையைச் சொல்வதுபோல் ஆகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘குற்றிழை’ இருக்கிறது. குறுமை + இழை. குற்றுயிர் புணர்ந்த அதே முறை. நீண்டதற்குக் (ஃபிளாஜெல்லம்) கசையிழை, குட்டையானதற்குக் குற்றிழை என்று இணையும் பொருந்துகிறது. செயற்கையானது செயற்கைக் குற்றிழை.

அசைவைத் ‘துடிப்பு’ என்பதும் எனக்கு ஒப்பவில்லை. துடிப்பு என்றால் போனபடியே திரும்புவதாகத் தோன்றும். அப்படி அசைந்தால் இந்த நுண்ணளவில் நீர் நகரவே நகராது. பாகுத்தன்மை மேலோங்கிய அந்த உலகில், சென்ற வடிவங்களிலேயே மீளும் அசைவு நிகர ஓட்டம் தராது என்று இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1977இல் விளக்கினார். அதனால்தான் இழை நெகிழ்வாக இருக்கவேண்டும்: நிமிர்ந்து தள்ளி, வளைந்து பரப்பையொட்டித் திரும்பவேண்டும். சிலிக்கோன் ரப்பரில் காந்தத் துகள் கலந்து இழை செய்து, சுழலும் காந்தப்புலத்தால் இயக்குவது இதற்காகத்தான். தள்ளும் அசைவை வீசல், திரும்பும் அசைவை மீளல் எனலாம். ‘வீச்சு’ இயற்பியலில் வேறொன்றுக்கு (amplitude) போய்விட்டது.

அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. அந்த இழை என்ன வேலை செய்கிறது என்று கேட்காமலே பெயர் வைக்கிறார்கள். சரியான சொல் கைக்கு வரவில்லை என்றால் ‘செயற்கை சிலியா’ என்றே எழுதட்டும். அதில் தவறான பொருளாவது இல்லை.